‘சராசரி வரி’ என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இறக்குமதி வரிகளைப் பற்றிய செய்திகள் இப்போது முதல் பக்கத்துக்கே வந்துவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றில் வரும் எண்களைக் கவனித்துப் படிப்பவர்களுக்குக் குழப்பம் மிஞ்சுகிறது. இந்தியாவின் ‘சராசரி சுங்க வரி’ ஒரு செய்தியில் 50.8 சதவீதம், இன்னொன்றில் 17, ஒரு கட்டுரையில் ஏறத்தாழ 12. 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் கையில் பிடித்துக் காட்டிய பலகையிலோ 52. அச்சுப்பிழை என்று வாசகர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையில் முதல் மூன்றும் சரியான எண்கள். அளப்பது வெவ்வேறு விஷயங்களை. நான்காவது, வரியே அல்ல.

வரி பற்றிய எண்ணை அச்சிடும்போது அது எந்த வகை வரி, எந்த வகைச் சராசரி, எந்த ஆண்டு, எந்தத் தரவுத்தளம் என்ற நான்கையும் ஒரே வரியில் அடியில் போட்டுவிடுங்கள் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை. இதற்கு வேண்டிய தரவுகளும் மென்பொருள்களும் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கே எடுப்பது, எடுக்கும்போது எங்கெல்லாம் கால் இடறும் என்பதைச் செய்திப் பிரிவில் இருப்பவர்களுக்கும், சொந்தமாகக் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பும் வாசகர்களுக்கும் பயன்படும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று எண்கள். உலக வர்த்தக அமைப்பில் ஒவ்வொரு உறுப்பு நாடும் ‘இந்தப் பொருளுக்கு இதற்கு மேல் வரி போட மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்திருக்கும் உச்சவரம்பு இருக்கிறது. துறையில் அதை ‘பவுண்ட்’ (கட்டுண்ட) விகிதம் என்பார்கள். 50.8 என்பது அதன் சராசரி. துறைமுகத்தில் யாரும் அதைக் கட்டுவதில்லை. எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக நடைமுறையில் விதிக்கப்படுவது எம்.எஃப்.என். (‘மோஸ்ட் ஃபேவர்ட் நேஷன்’) வரி. 2023-இல் அதன் எளிய சராசரி 17. அதே எம்.எஃப்.என். வரியை இறக்குமதி மதிப்பால் நிறையிட்டால் ஏறத்தாழ 12. இவற்றை உலக வர்த்தக அமைப்பு, ஐ.டி.சி. என்ற பன்னாட்டு வர்த்தக மையம், அங்டாட் என்ற ஐ.நா. வர்த்தக வளர்ச்சி அமைப்பு மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் வெளியிடும் ‘வேர்ல்ட் டாரிஃப் புரொஃபைல்ஸ்’ தொகுப்பில் நாட்டுக்கு ஒரு பக்கமாகப் பார்க்கலாம். அவசரத்துக்கு ஓர் எண் வேண்டும் என்றால் அதைவிட நம்பகமான இடம் இல்லை.

எளிய சராசரியும் நிறையிட்ட சராசரியும் எவ்வளவு தூரம் விலகிப் போகும் என்பதை மூன்றே பொருள்களில் காட்டிவிடலாம். முதல் பொருளுக்கு வரி 0 சதவீதம், இறக்குமதி 100 மில்லியன் டாலர். இரண்டாவதுக்கு 10 சதவீதம், 20 மில்லியன். மூன்றாவதுக்கு 200 சதவீதம். வரி அவ்வளவு இருப்பதாலேயே யாரும் இறக்குமதி செய்யவில்லை. எளிய சராசரி 70 சதவீதம். நிறையிட்ட சராசரி, 2 மில்லியன் வரியை 120 மில்லியனால் வகுத்தால், 1.67 சதவீதம். கதவை முழுவதுமாக அடைத்த வரிக்கு நிறையிட்ட சராசரியில் நிறையே கிடையாது. அதனால் ‘நிறையிட்ட சராசரி குறைவு, ஆகவே இது திறந்த சந்தை’ என்று முடிவு கட்டுவது தவறு. எளிய சராசரியிலும் கோளாறு உண்டு: யாருமே வாங்கி விற்காத ஒரு ரசாயனமும் கச்சா எண்ணெயும் அங்கே சம மதிப்பு பெறும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவதே நேர்மையான வழி. அந்த நாட்டின் சொந்த இறக்குமதியை விட்டுவிட்டு, அதை ஒத்த நாடுகளின் தொகுதி எவ்வளவு இறக்குமதி செய்கிறதோ அதை நிறையாக வைக்கும் முறையும் இருக்கிறது. ஐ.டி.சி.யும் பாரிஸின் செப்பீ ஆய்வு மையமும் சேர்ந்து வளர்த்த மேக்மேப் தரவுகளில் இந்த முறை கையாளப்படுகிறது.

எளிய சராசரிக்குள்ளேயே இன்னொரு பிளவு இருக்கிறது. பன்னாட்டுப் பொருள் குறியீடான எச்.எஸ். ஆறு இலக்கம் வரைதான் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் எட்டு, பத்து இலக்கங்களை ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி பிரித்துக்கொள்கிறது. உதாரணமாக, ஓர் ஆறு இலக்கக் குறியீட்டின் கீழ் அட்டவணையில் ஒரே வரிசை, வரி 0. இன்னொன்றின் கீழ் ஒன்பது வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் 30 சதவீதம். பத்து வரிசைகளையும் நேரடியாகச் சராசரி எடுத்தால் 27. முதலில் ஆறு இலக்கத்துக்குச் சுருக்கி, பிறகு சராசரி எடுத்தால் 15. உலக வர்த்தக அமைப்பின் தொகுப்பு இரண்டாவது வழியைப் பின்பற்றுகிறது. ஒரு நாட்டின் வரி அட்டவணையை நேராக எக்செல்லில் போட்டு ‘ஆவரேஜ்’ அடித்தவருக்கு உலக வர்த்தக அமைப்பின் எண் வராததற்கு, பெரும்பாலான நேரங்களில், இதுவே காரணம்.

இனி அந்த 52. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிட்ட சூத்திரத்தில் மேலே சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை. கீழே இறக்குமதி, அதனுடன் இரண்டு கெழுக்கள், 4 மற்றும் 0.25. இரண்டையும் பெருக்கினால் 1. ஆகவே அவை இருந்தும் இல்லாததே. அப்போது வெளியாகியிருந்த 2024 கணக்குப்படி இந்தியாவுடன் அமெரிக்காவின் சரக்குப் பற்றாக்குறை 45.7 பில்லியன் டாலர், இறக்குமதி 87.4 பில்லியன். வகுத்தால் 52 சதவீதம். அதில் பாதியான 26-தான் அன்று இந்தியாவுக்கு அறிவித்த வரி. இதில் எந்த வரி அட்டவணையும் எட்டிப் பார்க்கவே இல்லை. பவுண்ட் சராசரியான 50.8-க்குப் பக்கத்தில் இந்த எண் வந்து நின்றது தற்செயல்தான். அந்தத் தற்செயலே பலரை ஏமாற்றிவிட்டது.

தரவை நேரடியாக எடுக்க விரும்புகிறவர் முதலில் போக வேண்டிய இடம் உலக வங்கியின் விட்ஸ் தளம். பதிவு செய்தால் இலவசம். ஒரே வாசலில் நான்கு தரவுத்தளங்கள் கிடைக்கும்: வர்த்தக மதிப்புக்கு ஐ.நா.வின் காம்ட்ரேட், நடைமுறை வரிக்கு அங்டாட்டின் ட்ரெயின்ஸ், நாடுகள் உலக வர்த்தக அமைப்புக்குத் தாமே அறிவிக்கும் ஐ.டி.பி., உச்சவரம்புகளுக்கு சி.டி.எஸ். வரி விதிக்கும் நாடு, எதிர் நாடு, பொருள், ஆண்டு ஆகிய நான்கையும் தேர்ந்தெடுத்துவிட்டு வரி வகைக்கு வந்தால் நான்கு பெயர்கள் நிற்கும். எம்.எஃப்.என்., பி.என்.டி. என்ற உச்சவரம்பு, பி.ஆர்.எஃப். என்ற சலுகை வரி, ஏ.எச்.எஸ். என்ற ‘உண்மையில் பொருந்தும் வரி’. பெயரைப் பார்த்து எல்லாரும் கடைசியதை எடுப்பார்கள். அங்கேதான் முதல் குழி.

ஏ.எச்.எஸ். என்பது கிடைக்கும் வரிகளில் மிகக் குறைந்ததை மென்பொருள் எடுத்து வைப்பது. ஒப்பந்தம் போட்ட கூட்டாளி நாட்டுக்கான சலுகை வரி அந்த ஆண்டுக்குத் தரவுத்தளத்தில் ஏறவில்லை என்றால், அது சத்தமில்லாமல் எம்.எஃப்.என். வரியைத் திருப்பித் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. 2019-இல் 0, 2020-இல் 12, 2021-இல் 0 என்று ஒரு வரி குதித்தால் அந்த நாடு ஓராண்டு மனம் மாறியது என்று எழுதிவிடக் கூடாது. நடு ஆண்டின் சலுகைக் கோப்பு விடுபட்டிருக்கிறது. சரிபார்க்க எளிய வழி, பி.ஆர்.எஃப். தேர்வில் அதே ஆண்டை மட்டும் தனியே கேட்டுப் பார்ப்பது. காலியாக வந்தால் அந்த ஆண்டை விட்டுவிட வேண்டும், அல்லது ஐ.டி.சி.யின் மார்க்கெட் ஆக்சஸ் மேப்பில் பார்த்து நிரப்ப வேண்டும். சலுகை வரிகளைப் பொறுத்தவரை அந்தத் தளம் ட்ரெயின்ஸைவிட நிறைவானது. ஒரு குறியீட்டையும் இரு நாடுகளையும் கொடுத்தால் எந்த ஒப்பந்தத்தின் கீழ் எவ்வளவு என்று பிரித்தே காட்டும், பொருள் எந்த நாட்டில் உருவானதாகக் கொள்ளப்படும் என்று சொல்லும் உற்பத்தி மூல விதிகளையும் எடுத்துக்கொடுக்கும். சலுகை இருக்கிறது என்பதாலேயே வணிகர் அதைப் பயன்படுத்துகிறார் என்று ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூலச் சான்றிதழ் வாங்கும் செலவு 2 சதவீதம், சலுகையால் மிச்சமாவதும் 2 சதவீதம் என்றால் அவர் பேசாமல் எம்.எஃப்.என். வரியையே கட்டிவிட்டுப் போவார்.

ஜெர்மனி என்று கொடுத்து வரியைத் தேடி, ‘தரவு இல்லை’ என்று பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. வெளி நாடுகளுக்கு எதிராக ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒரே வரி அட்டவணைதான். ஒன்றியத்தின் பெயரில் தேட வேண்டும். வர்த்தக மதிப்பு மட்டும் உறுப்பு நாடு வாரியாகக் கிடைக்கும்.

சதவீதமாகவே எழுதப்படாத வரிகள் தனித் தலைவலி. கிலோவுக்கு 2 டாலர் என்று ஒரு வரி இருக்கிறது. இறக்குமதி விலை கிலோ 10 டாலர் என்றால் அது 20 சதவீதத்துக்குச் சமம். உலகச் சந்தையில் விலை 5 டாலராக இறங்கினால், சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் அதே வரி 40 சதவீதம் ஆகிவிடும். வேளாண் பொருள்களில் இது மிகுதி. இத்தகைய வரியைச் சதவீத இணையாக மாற்ற ஓர் அலகு விலை வேண்டும். விட்ஸில் உள்ள அங்டாட் முறை முதலில் அந்த நாட்டின் நுண் குறியீட்டு இறக்குமதி விலையைத் தேடும். கிடைக்காவிட்டால் காம்ட்ரேட்டிலிருந்து அதே நாட்டின் ஆறு இலக்க விலை. அதுவும் இல்லாவிட்டால் ஓ.இ.சி.டி. என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பில் உள்ள நாடுகளின் விலை. மூன்றாவது படிக்குப் போன எண்ணை அவ்வளவாக நம்ப வேண்டாம். சதவீத இணை சேர்க்காமல் எடுத்த கோப்பில் இந்த வரிசைகள் காலியாகவே நிற்கும், சராசரி அவற்றை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடும். பாதுகாப்பு மிகுந்த பொருள்களே இப்படி வரி போடப்பட்டவை என்பதால் அந்த நாடு உள்ளதைவிட நல்ல பிள்ளையாகத் தெரியும்.

இன்னொரு நுணுக்கம்: வரி எதன் மேல் போடப்படுகிறது என்பது. பல நாடுகள் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். மதிப்பின் மேல் வரி விதிக்கின்றன. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை ஏற்றுமதித் துறைமுகத்து மதிப்பின் மேல். சரக்கு 100, கட்டணமும் காப்பீடும் 8 என்றால், 10 சதவீத வரி ஓரிடத்தில் 10.80, இன்னோரிடத்தில் 10.

இப்போது குறியீடுகள். தரவு வேலையில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகிறது. எச்.எஸ். குறியீட்டை பிரஸ்ஸல்ஸில் உள்ள உலக சுங்க அமைப்பு நிர்வகிக்கிறது. 1988-இல் நடைமுறைக்கு வந்தது. 1996, 2002, 2007, 2012, 2017, 2022 என்று திருத்தப் பதிப்புகள், அடுத்தது 2028. கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். 2002 பதிப்பில் அது 852520 என்ற பெரிய கூடைக்குள் மற்ற ஒலிபரப்புக் கருவிகளுடன் கிடந்தது. 2007-இல் 851712 என்று தனி இடம் பிடித்தது. 2022-இல் ஸ்மார்ட்போன் 851713, மற்ற கைப்பேசிகள் 851714 என்று பிரிந்தன. 851712 என்ற குறியீட்டை மட்டும் வைத்துக்கொண்டு இருபது ஆண்டு வரைபடம் போட்டால், கைப்பேசி 2007-இல் வானத்திலிருந்து குதித்து, 2022-இல் மறைந்துபோனது போல இருக்கும். அப்படியான வரைபடத்தைப் பார்த்ததும் தொழிலின் எழுச்சி வீழ்ச்சி என்று தலைப்பு கொடுக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பரிகாரம் ஐ.நா. புள்ளியியல் பிரிவு வெளியிடும் பொருத்த அட்டவணைகள். புதிய பதிப்பிலிருந்து பழைய பதிப்புக்கு இறங்குவது பொதுவாகப் பாதுகாப்பு: பிரிந்தவை மறுபடி ஒன்று சேரும். பழையதிலிருந்து புதியதற்கு ஏறும்போது ஒன்றைப் பலவாகப் பிரிக்க வேண்டும். எந்த விகிதத்தில் என்று அட்டவணை சொல்லாது. சில மாற்று அட்டவணைகள் முழு மதிப்பையும் ஒரே குறியீட்டின் தலையில் கட்டிவிடும். நீண்ட காலத் தொடர் வேண்டுமென்றால் தொடரின் தொடக்க ஆண்டில் இருந்த பதிப்புக்கே எல்லாவற்றையும் இறக்கிவிடுவது நல்லது. வரிக் கோப்பு 2022 பதிப்பிலும் வர்த்தகக் கோப்பு 2017 பதிப்பிலும் இருக்க, இரண்டையும் குறியீட்டை வைத்து இணைத்தால் பெரும்பாலான வரிசைகள் பொருந்திவிடும். அதுதான் ஆபத்து. பொருந்தாமல் விழுந்தவை எண்ணிக்கையில் கொஞ்சமாக இருக்கும், மதிப்பில் கைப்பேசியாக இருக்கும். இணைப்புக்கு முன்னும் பின்னும் வரிசை எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் மொத்த டாலர் மதிப்பையும் ஒப்பிட வேண்டும்.

எக்செல் செய்யும் சேட்டை வேறு. 010121 என்பது உயிருள்ள குதிரை வகையில் ஒரு குறியீடு. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் அது 10121 ஆகிவிடும். முதல் ஒன்பது அத்தியாயங்கள் (குறியீட்டின் முதல் இரண்டு இலக்கம் காட்டும் பிரிவுகள்) முழுக்க, அதாவது இறைச்சி, மீன், பால், காய்கறி, பழம், தேயிலை, காபி, நறுமணப் பொருள் எல்லாம், இணைப்பில் காணாமல் போகும். குறியீட்டுப் பத்தியை எப்போதும் எழுத்தாகவே உள்ளே கொண்டுவர வேண்டும். எக்செல்லில் ‘டெக்ஸ்ட்’ என்று தேர்ந்து இறக்குமதி செய்யலாம். பைத்தான் நிரல் மொழியின் பாண்டாஸ் தொகுப்பில் கோப்பைப் படிக்கும்போதே அந்தப் பத்தியின் வகையை ‘எஸ்.டி.ஆர்.’ என்று குறித்துவிடலாம். ஏற்கெனவே கெட்டுப்போன கோப்பானால் ஆறு இலக்கம் ஆகும்வரை முன்னால் பூஜ்யம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதே கோப்பில் நான்கு இலக்க, இரண்டு இலக்கக் கூட்டுத்தொகைகளும் கலந்திருந்தால் அந்த வைத்தியம் நோயைக் கூட்டும்.

கூட்டுத்தொகைகள் என்றதும் காம்ட்ரேட். நாடுகள் தரும் வர்த்தகப் புள்ளிவிவரங்களின் பெருங்களஞ்சியம் அது. 1962 முதல் தரவு உண்டு. புதிய தளத்தில் பதிவு செய்து இலவசத் திறவுகோல் பெற்றால் ஏ.பி.ஐ. வழியாக, அதாவது நிரல் எழுதித் தானாகவே, எடுக்கலாம், பைத்தானுக்கும் ஆர் மொழிக்கும் இதற்கென்றே தொகுப்புகள் உள்ளன. எடுத்த கோப்பை அப்படியே கூட்டினால் விடை பல மடங்காக வரும். எதிர் நாடு 0 என்றால் ‘உலகம்’. அதையும் தனி நாடுகளையும் சேர்த்துக் கூட்டினால் இரட்டிப்பு. இரண்டு, நான்கு, ஆறு இலக்கம் மூன்றும் இருந்தால் மும்மடங்கு. புதிய தளத்தில் இரண்டாம் எதிர் நாடு, சுங்க நடைமுறை, போக்குவரத்து முறை என்று மேலும் மூன்று பத்திகள் வந்திருக்கின்றன. அவற்றில் முறையே 0, சி00, 0 என்ற மொத்த மதிப்புகளை மட்டும் வடிகட்டி வைத்துக்கொள்ளாவிட்டால் இன்னும் பெருகும். சரிபார்ப்பு எளிது: தனி நாடுகளின் கூட்டுத்தொகை ‘உலகம்’ வரிசைக்கு அருகில் வர வேண்டும். ஆறு இலக்கக் குறியீடுகளின் கூட்டு அத்தியாயத் தொகையைவிடக் கொஞ்சம் குறைந்தால் பதற வேண்டாம். சில நாடுகள் ஒரே நிறுவனம் மட்டும் ஈடுபடும் பொருள்களின் விவரத்தை மறைத்து, மேல்மட்டத் தொகையில் அல்லது 999999 என்ற ‘குறிப்பிடப்படாதவை’யில் சேர்த்துவிடும்.

காம்ட்ரேட் மதிப்பு டாலரில். அதையே விட்ஸ் வழியாக எடுத்தால் ஆயிரம் டாலரில். இரண்டு கோப்புகளை ஒட்டிவைத்து, ஒரு நாட்டின் வர்த்தகம் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கியதாக எழுதிய அறிக்கைகள் இல்லாமல் இல்லை.

நாட்டுக் குறியீடுகளிலும் கவனம் வேண்டும். ஐ.எஸ்.ஓ. தரத்தில் இந்தியா 356, காம்ட்ரேட்டில் 699. அமெரிக்கா 840-க்குப் பதில் 842, பிரான்ஸ் 250-க்குப் பதில் 251, சுவிட்சர்லாந்து 756-க்குப் பதில் 757. இணைப்பு தோற்கும்போது இந்தப் பெரிய நாடுகளே விழுந்துவிடும் என்பது வேடிக்கை. தைவான் என்று தேடினால் கிடைக்காது; 490, ‘பிற ஆசியா’ என்ற பெயரில் பெரும்பாலும் அதுவே இருக்கிறது. பெல்ஜியமும் லக்சம்பர்க்கும் 1998 வரை ஒரே கணக்கு.

ஒரு நாடு சொல்லும் ஏற்றுமதியும் எதிர் நாடு சொல்லும் இறக்குமதியும் பொருந்தாதபோது உடனே ‘கள்ளக் கணக்கு’ என்ற தலைப்பு வந்துவிடுகிறது. சில நேரம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன் தள்ள வேண்டியவை பல. இறக்குமதி பெரும்பாலும் சி.ஐ.எஃப். மதிப்பில்; ஏற்றுமதி எஃப்.ஓ.பி., அதாவது கட்டணமும் காப்பீடும் சேராத ஏற்றுமதித் துறைமுகத்து மதிப்பில். கப்பல் கட்டணம் அளவுக்கு வேறுபாடு இயல்பு. டிசம்பரில் கிளம்பிய சரக்கு ஜனவரியில் சேரும். எல்லாவற்றையும்விடப் பெரியது, இறக்குமதி செய்பவர் பொருள் பிறந்த நாட்டைப் பதிவு செய்கிறார், ஏற்றுமதி செய்பவர் தமக்குத் தெரிந்த கடைசிச் சேருமிடத்தைப் பதிவு செய்கிறார் என்பது. ஹாங்காங், ராட்டர்டாம், சிங்கப்பூர் போன்ற இடைவழித் துறைமுகங்கள் வழியாகப் போகும் சரக்கு ஒரு பக்கத்தில் அவற்றின் பேரில், மறு பக்கத்தில் மூல நாட்டின் பேரில் எழுதப்படும். காம்ட்ரேட்டில் ஏற்றுமதி என்பது மறு ஏற்றுமதியையும் சேர்த்தது; தேவையானால் மறு ஏற்றுமதியைத் தனியே எடுத்துக் கழிக்க வேண்டும்.

இந்த ஒப்பீட்டு வேலையையே தொழிலாகச் செய்து, இரு பக்க அறிக்கைகளையும் சமன் செய்து ஒரே எண்ணாகத் தருவது செப்பீயின் பாசி தரவுத்தளம். ஆண்டு, ஏற்றுமதி நாடு, இறக்குமதி நாடு, பொருள், ஆயிரம் டாலரில் மதிப்பு, மெட்ரிக் டன்னில் அளவு என ஆறே பத்திகள். ஆய்வுக்கு இதைவிடச் சுத்தமான கோப்பு இல்லை. ஆனால் சமன் செய்து முடித்து வெளிவர நாளாகும். போன மாதத்துச் செய்திக்கு உதவாது. அலகு விலை கணக்கிடுபவர்களுக்கு ஒரு சொல்: காம்ட்ரேட்டில் அளவுப் பத்திக்குப் பக்கத்தில் ‘மதிப்பீடு’ என்ற குறி இருக்கிறதா பாருங்கள். அளவு கிடைக்காத இடங்களில் ஐ.நா. ஒரு நிலையான அலகு விலையை வைத்து எடையைத் தானே கணித்து நிரப்புகிறது. அந்த எடையால் மதிப்பை வகுத்தால் அவர்கள் உள்ளே வைத்த விலையே திரும்பி வரும்.

2025-க்குப் பிறகு வந்த கூடுதல் வரிகளைத் தேடி ட்ரெயின்ஸுக்குப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். அமெரிக்காவின் வரி அட்டவணையில் பொதுவான எம்.எஃப்.என். விகிதம் அந்தந்தப் பொருளின் அத்தியாயத்தில் இருக்கும்; 301, 232 போன்ற சட்டப் பிரிவுகளின் கீழ் வரும் கூடுதல் வரிகள் எல்லாம் 99-ஆம் அத்தியாயத்தில். பொருளின் வரிசையை மட்டும் படித்தால் அந்த வரி கண்ணில் படாது. மலிவு விலையில் வந்து குவியும் சரக்குக்கு எதிரான பொருள் குவிப்புத் தடுப்பு (‘ஆன்டி-டம்பிங்’) வரியோ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆறு இலக்கக் குறியீட்டுக்குள் அடங்காது. அறிவிப்புகளைத் தொடர்வதற்கு குளோபல் டிரேட் அலர்ட் தொகுப்பு பயன்படும். ஆனால் ‘இப்போது உண்மையில் எவ்வளவு வசூலாகிறது’ என்ற கேள்விக்கு நேரான விடை, வசூலான வரியை இறக்குமதி மதிப்பால் வகுப்பது. அமெரிக்காவுக்கு இதை அந்நாட்டின் பன்னாட்டு வர்த்தக ஆணையமான யு.எஸ்.ஐ.டி.சி.யின் டேட்டாவெப் தளத்தில் மாத வாரியாக, நாடு வாரியாகச் செய்யலாம். ‘நுகர்வுக்கான இறக்குமதி’ என்பதையும் ‘சுங்க மதிப்பு’, ‘கணக்கிட்ட வரி’ என்ற இரு அளவுகளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பொது இறக்குமதி’யை எடுத்தால் கிடங்கில் வரி கட்டாமல் நிற்கும் சரக்கும் வகுக்கும் எண்ணில் சேர்ந்து விகிதத்தைக் குறைத்துக் காட்டும். இந்த விகிதமும் நிறையிட்ட சராசரிதான். வரி ஏறியதும் இறக்குமதி வேறு நாட்டுக்கு ஓடிவிட்டால் இது தானே இறங்கும்.

கடைசியாக, ‘வரியைப் பாதியாக்கினால் இறக்குமதி எவ்வளவு கூடும்’ வகைக் கணிப்புகள். விட்ஸுக்குள்ளேயே ஸ்மார்ட் என்ற மாதிரி இருக்கிறது. ஒரு சந்தை, ஒரு பொருள் தொகுதி, புதிய வரி கொடுத்தால் இறக்குமதி கூடுவதையும், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வாங்குதல் இடம்மாறுவதையும், வரி வருவாய் மாற்றத்தையும் தரும். நெகிழ்ச்சி என்பது விலை ஒரு சதவீதம் மாறினால் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்பது. இடம்மாறுவதற்கான நெகிழ்ச்சி 1.5 என்றும், வழங்கல் நெகிழ்ச்சி 99, அதாவது எல்லையற்றது என்றும் அது தானாகவே வைத்துக்கொள்ளும். இவற்றை மாற்றாமல் ஓட்டிய முடிவு, உலக விலை துளியும் அசையாது என்ற அனுமானத்தின் முடிவு. பெரிய இறக்குமதியாளருக்கு அது பொருந்தாது.

கையால் போட்டுப் பார்க்கலாம். இறக்குமதி 50 மில்லியன் டாலர், வரி 20-லிருந்து 10 சதவீதம், தேவை நெகிழ்ச்சி 1.5. வாங்குபவர் கொடுக்கும் விலை 120-லிருந்து 110 ஆகிறது. விலை குறைந்தது 120-இல் 10, அதாவது 8.33 சதவீதம். இறக்குமதி கூடுவது 50 × 1.5 × 0.0833, அதாவது 6.25 மில்லியன். வரி வருவாய் 10 மில்லியனிலிருந்து 5.6 மில்லியனாக இறங்கும். அடிக்கடி நடக்கும் பிழை, வரி பாதியானது என்று 50 சதவீதத்தை நெகிழ்ச்சியால் பெருக்குவது. அப்போது 37.5 மில்லியன் வரும். ஆறு மடங்கு மிகை. வரி குறைப்பின் பலன் குறித்த கணிப்புகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்தால் பல வீங்கிய எண்கள் வற்றிவிடும். ஸ்மார்ட் இன்னொன்றைச் செய்யாது: இன்று பூஜ்யமாக உள்ள இறக்குமதி, வரியை நீக்கினாலும் அதில் பூஜ்யமே. மேலே சொன்ன 200 சதவீத வரிப் பொருளுக்கு அது ‘பாதிப்பு இல்லை’ என்று சொல்லும்.

பொருளாதாரம் முழுவதையும் சேர்த்துப் பார்க்க அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஜி-டாப் தரவுத்தளமும் மாதிரியும் உண்டு. அதன் 11-ஆம் பதிப்பில் 160 நாடுகளும் பிரதேசங்களும், 65 துறைகள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆறு இலக்கப் பொருள்கள் அந்த 65-இல் ஒரு பகுதிக்குள் அடைக்கப்படுகின்றன; அதனால் ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு ‘ஜி-டாப் சொல்கிறது’ என்று எழுதுவது பொருத்தமில்லை. அரசு வருவாய் மட்டுமே கேள்வி என்றால், உண்மையில் வசூலான வரியை வைத்து எக்செல்லிலேயே ஓடும் உலக வங்கியின் டிரிஸ்ட் கருவி போதும். விலக்குகளைக் கணக்கில் கொள்வதால் சட்ட விகிதத்தை வைத்துப் போடும் கணிப்பைவிட நெருங்கி வரும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு மாதிரிக் குறிப்பு: ‘எம்.எஃப்.என். நடைமுறை வரி, எளிய சராசரி, 2023, ஆறு இலக்க எச்.எஸ்., சதவீத இணை சேர்த்தது. மூலம் உலக வர்த்தக அமைப்பு’. ஒற்றைப் பத்திச் செய்தியிலும் இது இடம் கொள்ளும். இதனுடன் பதிவிறக்கிய தேதியையும் சேர்த்து, மூலக் கோப்பைத் திருத்தாமல் தனியே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். நாடுகள் பழைய ஆண்டுகளின் கணக்கையும் திருத்தி அனுப்புவதால் காம்ட்ரேட்டில் அதே கேள்விக்கு ஆறு மாதம் கழித்து வேறு விடை வரக்கூடும். அப்போது வாசகர் ஒருவர் எண் தவறு என்று எழுதினால், பழைய கோப்பு கையில் இருந்தால்தான் பிழை யாருடையது என்று பார்க்க முடியும்.

இப்படிக்கு,
வணிகத் தரவுப் பகுப்பாய்வுத் துறை வாசகர்